ஊரில் நிலம், வீடு கொடுங்கையூரில்: பிஎம் கிசான் பணம் யாருக்கு வரும்?

சென்னையில் குடியிருந்தால், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம் வராது என்று யாரோ கிளப்பிவிட்டதை எங்கள் வடசென்னையில், கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் நிறையப் பேர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதைத் திட்டம் பார்ப்பதில்லை, விவசாய நிலம் யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. சிக்கலும் அங்கேதான்.

2019 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள், அந்த வருஷமே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நெல், கரும்புதான் போட வேண்டும் என்றெல்லாம் இல்லை. 30 சென்ட் காப்பித் தோட்டமாக இருந்தாலும் விவசாய நிலம் என்று பட்டா இருந்தால் சரி.

ஒரு உதாரணம் வைத்துப் பேசுவோம். கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி பக்கம் ஒரு சின்ன ஊர். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், நிழலில் காப்பிச் செடி, நடுநடுவே மலைவாழை. அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர். அம்மாவும் தம்பியும் ஊரிலேயே இருந்து தோட்டத்தைப் பார்க்கிறார்கள், அண்ணன் சென்னைக்கு வந்து மணலியில் கம்பெனி வேலை, தங்கையைத் தண்டையார்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அப்பா இருந்தவரை தவணை ஒழுங்காக வந்தது, அவர் போன பிறகு நின்றுவிட்டது. "கவர்மெண்ட்ல நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நிறுத்தியது உண்மைதான், இறந்தவர் பெயரில் பணம் போடக்கூடாது. ஆனால் அந்த நிலத்தை வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்றி, புதிதாகப் பதிவு செய்தால் திரும்ப வரும். இதை யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும், 1.2.2019. அந்தத் தேதியில் நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பணம் கிடையாது. நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது: அப்பா உயிரோடு இருக்கும்போதே "எதுக்கும் இருக்கட்டும்" என்று மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்குகிறார்கள் இல்லையா, அது 2019 பிப்ரவரிக்குப் பிந்தையது என்றால் அப்பாவுக்கு வந்ததும் போய், மகனுக்கும் வராமல் போய்விடும். எழுதி வாங்க ஆயிரம் காரணம் இருக்கலாம், இந்த 6,000 அதில் ஒரு காரணமாக இருக்க வேண்டாம்.

சரி, பட்டாவை எப்படி மாற்றுவது? முதலில் இறப்புச் சான்று. சென்னையில் இறந்திருந்தால் மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். அடுத்தது வாரிசுச் சான்று, இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த ஊரின் தாசில்தார் தருவது. விண்ணப்பத்தை இங்கிருந்தே இ-சேவையில் போடலாம், கட்டணம் 60 ரூபாய், ரசீது கேட்டு வாங்குங்கள். அப்புறம் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம். பாகம் பிரிக்கவில்லை என்றால் வாரிசுகள் எல்லோர் பெயரும் ஏறிக் கூட்டுப் பட்டா வரும். அம்மா, அண்ணன், தம்பி, தங்கை நாலு பேரும். தங்கையை விட்டுவிட்டு விண்ணப்பம் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, "அதுக்குத்தான் நகை போட்டாச்சே" என்பார்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று 1989லேயே சட்டம் வந்துவிட்டது, நகை அதற்குக் கணக்கில்லை.

கூட்டுப் பட்டாவில் பல குடும்பம் இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வாங்கலாம் என்பதுதான் விதி. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள், அவ்வளவுதான். ஆகவே அண்ணன் ஒரு குடும்பம், தம்பி ஒரு குடும்பம், அம்மா தனிக் குடும்பம். ஆனால் யார் பங்கு எவ்வளவு என்று பட்டாவில் இல்லாதபோது விண்ணப்பம் இழுக்கத்தான் செய்கிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிடுவது நல்லது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் நிலம் இருந்தால் ஒருவர்தான் வாங்க முடியும். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டிருந்தால் கண்டுபிடித்து நிறுத்துகிறார்கள்.

யாருக்குக் கிடையாது? வடசென்னையில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியிருந்தால் கிடையாது. மத்திய, மாநில அரசு, பொதுத்துறை நிறுவனம், மாநகராட்சி போன்ற உள்ளாட்சி, எதில் நிரந்தர வேலை என்றாலும் கிடையாது, ஓய்வு பெற்று மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்கினாலும் கிடையாது. கடைநிலை ஊழியர்களுக்கு, அதாவது குரூப் டி என்பார்களே, இந்த இரண்டு தடையும் இல்லை. தனியார் கம்பெனி, ஒப்பந்த வேலை, ஆட்டோ, மீன் வியாபாரம் இதெல்லாம் தடையே இல்லை. குடும்பத்தில் ஒருவர் இந்தப் பட்டியலில் வந்தாலும் மொத்தக் குடும்பத்துக்கும் போச்சு. மனைவி பெயரில் நிலம், கணவர் வரி கட்டுகிறார் என்றால் வராது. தகுதியில்லாமல் வாங்கியதைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். 2020இல் தமிழ்நாட்டில் போலிப் பதிவுகள் பிடிபட்டு சிபிசிஐடி வரை போனது ஞாபகம் இருக்கும்.

குத்தகைக்கு உழுகிறவருக்கும் கிடையாது. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விதி. மழையில் நனைந்து காப்பி பறிக்கிறவருக்கு ஒன்றுமில்லை, மணலியில் உட்கார்ந்திருக்கிற பட்டாதாரருக்கு 6,000. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலத்தில், அதாவது பழைய ஜமீன் நிலத்தில், காலங்காலமாகத் தேயிலை வைத்திருப்பவர்களுக்கும் பட்டா இல்லாததால் வழியில்லை.

ஏற்கெனவே பதிவு செய்தும் பணம் வரவில்லை என்றால், பிஎம் கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்கள். மூன்று வரி இருக்கும்: லேண்ட் சீடிங் (நில ஆவணம் பதிவோடு இணைந்திருக்கிறதா), இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளைச் சரிபார்த்தாயிற்றா), ஆதார் பேங்க் சீடிங் (ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா). மூன்றிலும் யெஸ் இருக்க வேண்டும். லேண்ட் சீடிங் நோ என்றால் ஊர்ப் பக்கத்து வட்டார வேளாண்மை அலுவலகத்தில் பட்டா நகலோடு போய்ப் பார்க்க வேண்டும். பட்டாவில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர், ஆதாரில் வெறும் இனிஷியல் என்று இருந்து அதனாலேயே நிற்பதும் உண்டு. இ-கேஒய்சி கைரேகை வைத்தோ ஓடிபியிலோ இங்கேயே முடியும், ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைப்பது உங்கள் வங்கிக் கிளையில். போதாததற்கு 2025லிருந்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று ஒன்று எடுக்கச் சொல்கிறார்கள். அதையும் பொதுச் சேவை மையத்தில் இலவசமாக எடுக்கலாம், ஆதாரோடு இணைந்த போன் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் என்று பெயர் போட்டு ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள், கணக்கில் இருப்பதும் போய்விடும். சந்தேகத்துக்கு 155261 எண் இருக்கிறது.

அடுத்த முறை பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவதற்கு முன், தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது. தாத்தா பெயரிலேயே இருந்தால் தாத்தாவுடைய இறப்புச் சான்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதற்கு ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கும்படி லீவு போடுங்கள்.