முப்பதாவது கிலோமீட்டரில் கால் ஏன் ஓய்ந்துபோகிறது?

முதல் முழு மாரத்தான் ஓடுபவர்களில் பலர் 28 கிலோமீட்டர் வரை சிரித்த முகத்தோடு போவார்கள். அதன்பின் கால் கனக்கும், தலை லேசாகச் சுற்றும், ஓட்டம் நடையாகிவிடும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் அதிக தூரம் ஓடிப் பழகுவார்கள். பல நேரம் குறை தட்டில்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,700. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தோ 500 கிராம் அளவுதான். அதாவது 2,000 கிலோகலோரி. கொழுப்பும் எரியும் என்றாலும், வேகம் கூடக் கூட உடல் மாவுச்சத்தையே கேட்கும். கூட்டத்தோடு இழுபட்டு முதல் 10 கிலோமீட்டரை வேகமாகக் கடந்தவர் பாதி வழியிலேயே இருப்பைக் கரைத்துவிடுவது இதனால்தான்.

இருப்பை நிரப்ப, பந்தயத்துக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரம் வரை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கிராம் மாவுச்சத்து வேண்டும். 65 கிலோ எடைக்கு 650 கிராம். 100 கிராம் சோற்றில் 28 கிராம்தான் இருக்கிறது; சோறு மட்டும் என்றால் இரண்டு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், யாராலும் ஆகாது. எனவே இட்லி, வாழைப்பழம், ஜாம் தடவிய பிரெட், பானகம், பழச்சாறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கீரை, சுண்டல், பொரியல் அந்த இரண்டு நாளும் குறையட்டும். முந்தின இரவு பரோட்டாவோ பிரியாணியோ வயிறு முட்டச் சாப்பிடுவது இதற்கு ஈடாகாது. எண்ணெய் வயிற்றில் தங்கிக் காலையில் தொல்லை தரும். எடை ஒன்று, இரண்டு கிலோ கூடினால் பதற வேண்டாம்: ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைக்கும். அரை மாரத்தானுக்கு இவ்வளவு தேவையில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஓட்டம் அதிகாலை 4 மணிக்கு என்றால் 2 மணிக்கே சாப்பிட்டாக வேண்டும். சர்க்கரை தொட்டு ஐந்து இட்லி, ஒரு வாழைப்பழம். ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும். சாம்பாருக்கு அன்று விடுமுறை.

ஓடும்போது முதல் அரைமணி கழிந்ததிலிருந்து மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடிக்கொண்டே பிழிந்து விழுங்கும் இனிப்புக் கூழ்ப் பொட்டலமான ஜெல் ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். பசி வரட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். ஜெல்லைத் தண்ணீரோடு விழுங்குங்கள். இனிப்பான விளையாட்டு பானத்தோடு சேர்த்தால் குடலுக்குள் சர்க்கரை அடர்ந்து, நீரை இழுத்து, வயிற்றுப்போக்கில் முடியும். குடலுக்கும் பயிற்சி தேவை: கடைசி இரண்டு மாத நீள ஓட்டங்களில் இதே ஜெல்லை, இதே அளவில் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய நாள் கண்காட்சியில் வாங்கிய புது ஜெல் பையிலேயே இருக்கட்டும்.

தண்ணீரில்தான் ஆபத்து அதிகம். சென்னையின் புழுக்கத்தில் எவ்வளவு வியர்க்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் குறைந்த உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர். இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் குடிக்க வேண்டிய உச்ச அளவு அதுவே. அதைத் தாண்டிக் குடிக்காதீர்கள்; மிஞ்சிய நீர் ரத்தத்திலுள்ள சோடியத்தை (உப்பில் இருப்பது) நீர்த்துவிடும். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்தபின் நல்லது, நடுவில் உப்புக்கு மாற்றாகாது.

2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களே அதிகம் சிக்கினார்கள். மெதுவாக ஓடி, வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் குடித்துக்கொண்டே போகிறவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். விளையாட்டு பானமும் ரத்தத்தைவிட உப்புக் குறைந்ததே, அளவு மீறினால் அதுவும் காப்பாற்றாது. வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதிக்கும்.

ஓடுபவர் வாந்தி எடுத்து, குழறிப் பேசி, விரல்கள் வீங்கி மோதிரம் இறுக்குகிறது என்றால் தண்ணீர் புட்டியை நீட்டாதீர்கள். உடனே மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுசென்று, எவ்வளவு குடித்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்.