கையெழுத்து வாங்கியாச்சு, அப்புறம் என்ன பயம்?

"எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டோம் சார், இனி எங்க மேல கேஸ் வராதுல்ல?" மலையேற்றம், சைக்கிள், பொம்மை விமானம் என்று சின்ன மன்றம் நடத்துகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வரும். அடிபட்டால் மன்றம் பொறுப்பல்ல என்று வருகிறவர்களிடம் எழுதி வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவம் வழக்குப் போடுவதைத் தடுக்காது, வந்தபின் வாதாட ஒரு பிடி கொடுக்கும், அவ்வளவுதான். வாதாடுகிற வக்கீலுக்கு யார் கொடுப்பது? இன்சூரன்ஸ் இல்லையென்றால் நீங்கள்தான். பதிவே செய்யாத நண்பர் கூட்டம் என்றால் ஏற்பாடு செய்தவரின் சொந்தச் சேமிப்பு வரை கை நீளலாம்.

ஒரு சைக்கிள் குழு கொண்டுவந்த படிவம் உண்மையில் வருகைப் பதிவேடு. மேலே பொடி எழுத்தில் "விபத்துக்குக் குழு பொறுப்பல்ல", கீழே 23 கையெழுத்து, அதில் இரண்டு ஒரே பேனா, ஒரே சாய்வு. தாமதமாக வந்தவருக்காக நண்பர் போட்டது. தோள் எலும்பு முறிந்தது அந்தத் தாமதக்காரருக்குத்தான்! ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஈரமான இறக்கம், எதிரே வரும் லாரி, முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடிப்பது என்று ஆபத்துகளைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால், தெரிந்தே வந்தார் என்று காட்ட முடிந்திருக்கும்.

அதற்கும் எல்லை உண்டு. பிரேக் பழுது என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்துவிட்டுப் படிவத்தை நீட்டினால் பெரும்பாலும் எடுபடாது. பிரிட்டன் சட்டப்படி, தொழிலாக நடத்துகிறவர் தன் அஜாக்கிரதையால் வரும் காயத்துக்கோ சாவுக்கோ பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளவே முடியாது. சிறுவர்களுக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்தும் பல நாடுகளில் பிள்ளையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது.

சரி, பாலிசி வாங்கினால்? முதலில் எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று சொல்லும் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். வேடிக்கை பார்த்தவர் மேல் சைக்கிள் மோதினால் பணம் வரும், ஓட்டியவரே விழுந்தால் வராது என்று சில பாலிசிகளில் இருக்கும். இந்தக் குழுவிடம் இருந்தது அதுதான். இட உரிமையாளர் கேட்கிறார் என்பதற்காக வாங்கி, சான்றிதழை மட்டும் ஃபைலில் வைத்திருந்தார்கள். பாலிசியை யாரும் திறக்கவே இல்லை.

போதாக்குறைக்கு, விபத்தன்று இரவே தலைவர் நல்ல மனதோடு அடிபட்டவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்: "தப்பு எங்க மேலதான், முழுச் செலவையும் நாங்க பாத்துக்கறோம்." கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை அதே பாலிசியில், மூன்றாம் பக்கத்தில் இருந்தது.