சட்டாம்பிள்ளையும் ‘மிக்ஸட் ஏஜ்’ வகுப்பும்

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிச் சேர்க்கை பிளக்ஸ்களில் இப்போது இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன: ‘மிக்ஸட் ஏஜ்’, ‘சைல்ட் லெட்’. தமிழ் எழுத்தில்தான் அச்சடிக்கிறார்கள். ஆனாலும், “அதென்ன அண்ணாச்சி, மூணு வயசையும் ஆறு வயசையும் ஒரே ரூம்ல போட்டா சின்னது என்னத்தப் படிக்கும்?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். நியாயமான கேள்வி.

முதலில், இரண்டும் வேறு வேறு. ‘மிக்ஸட் ஏஜ்’ என்பது யார் யாரோடு இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. ‘சைல்ட் லெட்’ என்பது என்ன படிப்பது, எப்போது படிப்பது என்பதை முடிவு செய்வது யார் என்பதைப் பற்றியது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் போகலாம். நம் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளில் வயது கலந்துதான் உட்கார்ந்தார்கள். ஆனால் முடிவெல்லாம் வாத்தியாருடையது.

வயது கலப்பு என்றதும் பெரியவர்கள், “நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதானே இது?” என்பார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்று ஒன்று கிடையாது. மணலில் விரலால் அ, ஆ எழுதும் பிள்ளையும் எண்சுவடி என்னும் வாய்பாட்டை முடித்த பிள்ளையும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். பெரியவனாகவும் நன்றாகப் படிப்பவனாகவும் இருக்கும் ஒருவனை வாத்தியார் சட்டாம்பிள்ளை ஆக்குவார். அவன் ஒரு வரி சொல்வான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வாத்தியார் வெளியே போனால் பிரம்பு அவன் கைக்கு வரும்.

சட்டம் + பிள்ளை என்று பிரிப்பது வழக்கம். சட்டம் என்றால் விதி என்று எடுத்துக்கொண்டு, விதியை நடத்துகிற பிள்ளை என்பார்கள். ஆனால் எழுதுவதற்காக வாரிச் செப்பனிட்ட பனையோலைக்கும் சட்டம் என்றுதான் பெயர். பார்த்து எழுதுவதற்கு மாதிரியாக வாத்தியார் எழுதிக் கொடுக்கும் ஓலை ‘மேல்வரிச் சட்டம்’. பனைக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்த ஓலைப் பொருள்தான் பிடிக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் அரசன் கருநந்தடக்கன் ஒரு சாலை அமைத்தான். அங்கே சாலை என்றால் வேதம் படிக்கிறவர்கள் தங்கிப் படித்த கல்விச்சாலை. அங்கே இடம்பெற்ற 95 மாணவர்களைச் செப்பேடு ‘சட்டர்’ என்கிறது. மலையாளத்தில் வகுப்புத் தலைவனுக்கு வழங்கிய ‘சட்டம்பி’ என்ற சொல்லை இந்தச் சட்டரோடு இணைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம்பி சுவாமிகளுக்கு (1853–1924) அந்தப் பெயர் வந்ததே சின்ன வயதில் குருவிடம் வகுப்புத் தலைவனாக இருந்ததால்தான். இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரௌடி. கேரள எல்லையில் ஆரியங்காவு தாண்டினால் கதை அப்படி. இந்தப் பக்கம் செங்கோட்டையில் நின்று கேட்டால் ‘சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாத’ என்பது அதிகாரம் பண்ணாதே என்பதற்குச் சமம். மலைக்கு இரண்டு பக்கமும் சொல் கெட்டுப்போன விதம் ஒன்றுதான்: சொல்லிக்கொடுத்தது மறந்துபோனது, பிரம்பு மட்டும் நினைவில் நின்றது.

இந்த முறை கடல் தாண்டியும் போயிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதே போன்ற முறையை நடத்தினார். இருவரில் யார் முன்னோடி என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது.

பிறகு மானிட்டர், லீடர் என்று வேறு பெயரில் சட்டாம்பிள்ளை நம் வகுப்புகளுக்கே திரும்பி வந்தான். வாத்தியார் இல்லாத நேரத்தில் சாக்பீஸோடு கரும்பலகை ஓரம் நின்று ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போடுவான். கீழே பெயர்கள். மறுபடி வாயைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அப்புறமும் அடங்காவிட்டால் ‘மிக மிக’. ஒரே வயதுப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் இல்லாமல் போனது.

ஆகவே ‘மிக்ஸட் ஏஜ்’ என்பதற்குச் சட்டாம்பிள்ளை முறை என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். சட்டாம்பிள்ளை நியமிக்கப்பட்டவன். வாத்தியார் சொன்னதைக் கீழே இறக்குகிறவன். திண்ணையை ரொம்பப் புகழ்கிறவர்களுக்கு இன்னொன்று: அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏறிவிடவில்லை, பெண் பிள்ளைகளைக் காண்பதே அரிது. வயதுதான் கலந்தது.

‘மிக்ஸட் ஏஜ்’, ‘சைல்ட் லெட்’ இரண்டையும் நீண்ட காலமாக நடத்திவரும் பள்ளிகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் ஊரில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில், நான்கு வயது முதல் பத்தொன்பது வரை எல்லாரும் ஒரே கட்டடத்தில், ஒரே தோட்டத்தில் இருக்கிறார்கள். வகுப்பு கிடையாது, பாடவேளை கிடையாது. யாருக்காவது ஏதாவது படிக்க வேண்டுமென்றால் அவர்களே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விதிகளைப் பள்ளிக்கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. இங்கிலாந்தின் சம்மர்ஹில் இதைவிட மூத்தது, 1921இல் பிறந்தது. அங்கே பாடம் உண்டு, போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம்.

இந்தப் பள்ளிகளில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாரும் ஏவுவதில்லை. கூடவே இருப்பதால், விளையாடுவதால் அது நடக்கிறது. இதற்கு ஒத்த தமிழ்ச் சொல் பள்ளிக்கூடத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி.

கள்ளன் போலீஸ் விளையாடும்போது நான்கு வயதுத் தம்பி நானும் வருவேன் என்று அழுவான். அவனைச் சேர்க்காவிட்டால் வீட்டில் அடி விழும். சேர்த்தால் ஆட்டம் கெடும். ஆகவே அவன் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் அவுட் இல்லை. பெரியவர்கள் அவனுக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள், விதியைப் போகிற போக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். கொஞ்ச நாளில், “இனிமே நீயும் அவுட் உண்டுல” என்று அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எப்போது உயர்த்துவது என்று முடிவு செய்வதும் பிள்ளைகள்தான். எந்தத் தேர்வும் வைப்பதில்லை.

ஒப்பு என்பது ஒப்புக்கொள்வது, பெயரளவுக்குச் சம்மதிப்பது. சப்பாணி என்றால் நடக்க முடியாதவர் என்ற பொருளும் உண்டு, பிள்ளைத்தமிழில் குழந்தை கைகொட்டும் பருவத்துக்கும் சப்பாணி என்றே பெயர். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பாடியபோதும் சப்பாணிப் பருவம் பாடியிருக்கிறார். முதல் பொருள் உடற்குறையைச் சுட்டுவதால் இதைப் பள்ளி விளம்பரத்தில் போடுவது முறையாகாது. பெற்றோருக்கு வாயால் விளக்குவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நம் அரசுப் பள்ளிகளுக்கும் இது முற்றிலும் புதிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் பாயில் குழுக்களாகக் கலந்து உட்கார்ந்தார்கள். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ‘ஏணிப்படி’ அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுக்க வேண்டியிருந்தது. சுவரின் அடியில் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கரும்பலகை. வேகம் பிள்ளையுடையது, ஆனால் ஏணி அரசுடையது. மாண்டிசோரி வகுப்பிலும் மூன்று முதல் ஆறு வயதுவரை ஒன்றாக இருப்பார்கள். பிள்ளை தானே பொருளைத் தேர்ந்தெடுக்கும், எந்தப் பொருள் அலமாரியில் இருக்கலாம் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பார்.

இனித் தமிழ்ச் சொற்கள். ‘மிக்ஸட் ஏஜ்’ என்பதற்கு ‘கலப்பு வயது’ என்கிறார்கள். கலப்பு என்றால் கலப்படம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘வயது கலந்த வகுப்பு’ போதும், கேட்டவுடன் புரியும். ‘பல்வகுப்புக் கற்பித்தல்’ வேறு. அதில் வகுப்புகள் தனித்தனியே இருக்கும், ஆசிரியர் மட்டும் ஒருவர்.

‘சைல்ட் லெட்’ என்பதற்குக் ‘குழந்தை மையக் கல்வி’ என்று எழுதுவது தவறு. நடுவில் குழந்தையை உட்காரவைத்துச் சுற்றி நின்று பெரியவர்கள் முடிவெடுத்தாலும் அது மையம்தான். ‘குழந்தைவழிக் கல்வி’யும் சரிவராது. தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பழகிய காதுக்கு அது பயிற்றுமொழி போலக் கேட்கும். “அவன் போக்குல விடு” என்று நாம் வீட்டில் சொல்கிறோமே, அதிலிருந்து எடுத்துத் ‘தன்போக்குக் கற்றல்’ எனலாம். கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது போலத் தொனிக்கிறது என்று ஒரு ஆசிரியை சொன்னார். அந்தச் சந்தேகம் பிளக்ஸைப் பார்க்கும் பெற்றோருக்கும் இருக்கிறதே, சொல்லிலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பள்ளிக்காரர்கள் சேர்க்கை நாளன்று அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.