ஹார்ட் வீக்கா? மூச்சு மெஷினுக்கு முன்னால் எக்கோ ரிப்போர்ட்டைப் பாருங்கள்

கோலாலம்பூரில் இதய நோயாளிகளைக் கவனிக்கும் தாதி நான். ஒரு நாள் கிளினிக்கில் ஓர் அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "மிஸ்ஸி, இவர் தூங்கும்போது எப்படி மூச்சு விடுறார் பாருங்க." காணொளியில் குறட்டை இல்லை. மூச்சு மெல்லத் தொடங்கி, ஆழமாகி, மறுபடி தணிந்து, அப்புறம் நின்றேவிட்டது. நெஞ்சும் அசையவில்லை, வயிறும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி தொடங்கியது. அண்ணன் வீட்டில் ஒரு சிபேப் மெஷின், அதாவது தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின், சும்மா கிடக்கிறதாம். இன்று ராத்திரியே மாட்டிவிடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். தூக்கத்தில் மூச்சு நிற்பது இரண்டு வகை. ஒன்றில் தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைத்துக்கொள்ளும். குறட்டை இருக்கும், மூச்சை இழுக்க நெஞ்சும் வயிறும் போராடும். இன்னொன்றில் வழி திறந்தே இருக்கும், ஆனால் மூச்சு விடச் சொல்லி மூளையிலிருந்து கட்டளை வராது. இதயம் பலவீனமானவர்களிடம் இந்த இரண்டாவது வகையை அடிக்கடி பார்க்கலாம். நுரையீரலில் நீர் தேங்கும்போது தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. அது குறைந்தால் மூளை மூச்சை நிறுத்திவைக்கும். ரத்தம் மெதுவாக ஓடுவதால் அந்தச் செய்தி மூளைக்குத் தாமதமாகவே போகிறது. அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம். பலருக்கு இரண்டு வகையும் கலந்தே இருக்கும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டையை நெருக்குவதும் உண்டு.

சிபேப் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும். அடைப்பு வகைக்கு அது நல்ல துணை. தூக்கம் சீராகும், ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். ஏஎஸ்வி என்பது வேறு மெஷின். ஒவ்வொரு மூச்சையும் அளந்து, குறையும்போது தானே காற்றைத் தள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? 2015-இல் வெளியான சர்வ்-எச்எஃப் ஆய்வில் 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். எல்லாருக்கும் இதயத்தின் இ.எஃப், அதாவது ரத்தத்தை வெளியே தள்ளும் திறன், 45 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ், மூச்சு நிற்பதும் பெரும்பாலும் மூளை வகை. ஏஎஸ்வி போட்டவர்களிடம் இறப்பு குறையவில்லை, கூடியது. பின்னால் வந்த இன்னோர் ஆய்வில் அந்த ஆபத்து தெரியவில்லை. ஆனால் ஆயுள் கூடியதாகவும் அது காட்டவில்லை.

ஆகவே உங்கள் எக்கோ ரிப்போர்ட்டில் (இதய ஸ்கேன் அறிக்கையில்) இ.எஃப் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். ஸ்லீப் டெஸ்டுக்குப் போகும்போது அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மெஷினை வாங்காதீர்கள். அதில் இருப்பது வேறொருவருக்கு வைத்த அழுத்தம். மூளை வகைக்கு முதல் வைத்தியம் பெரும்பாலும் இதய மருந்தைச் சரிசெய்வதுதான்.

பகலில் தூக்கம் வரவில்லை, அதனால் எனக்கு இது இல்லை என்று பல ஐயாக்கள் வாதாடுவார்கள். இதய நோயாளிகளில் நிறைய பேருக்குப் பகல் தூக்கமே இருக்காது. நடுராத்திரி மூச்சு முட்டி எழுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, காலையில் தலைவலி, இவற்றைச் சொல்லுங்கள்.

டாக்டர் மெஷின் எழுதிக் கொடுத்தால், மாஸ்க்கைக் கடையில் முகத்தில் வைத்து, படுத்துப் பார்த்து வாங்குங்கள். அடர்ந்த மீசையும் முகத்தில் தடவிய எண்ணெயும் காற்றைக் கசியவிடும். மாஸ்க்கைத் தினமும் கழுவுங்கள். ஈரப்பதத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். மெஷின் வந்துவிட்டதே என்று நீர் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலோ, மெஷின் போட்ட பிறகு தலைசுற்றல் வந்தாலோ, அடுத்த அப்பாய்ண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே வந்து பாருங்கள்.