அன்னி, அன்னை: ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா?

துருக்கியின் தெற்கே, அதானா நகருக்கு வடகிழக்கில், கராத்தெபே என்றொரு பழைய மலைக்கோட்டை இருக்கிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய அசத்திவதா என்ற ஆட்சியாளன், வாசல் கற்களில் தன் பெருமையை பினீசியம், லூவியம் என இரண்டு பழைய மொழிகளில் வெட்டிவைத்தான். தார்ஹுன்சா என்ற இடிதெய்வம் அசத்திவதாவை அதனாவாவுக்கு, அதாவது இன்றைய அதானாவுக்கு, "தாயும் தந்தையும்" ஆக்கியதாக லூவிய வரி சொல்கிறது. பினீசிய வரியில் தந்தை முன்னால், தாய் பின்னால். ஆண் ஒருவன் தன்னை ஊருக்குத் தாய் என்கிறான், அதையும் முதலில் சொல்கிறான். அந்த வரி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தத் 'தாய்' கல்லில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? முதலில் 'தாய்' என்ற பொருளைக் காட்டும் ஒரு சித்திரக்குறி. அதையடுத்து ந, தி, ந என்று மூன்று ஒலிக்குறிகள். மேலே '8ஆம்' என்று எழுதியிருந்தேன், நீங்கள் 'எட்டாம்' என்று படித்தீர்கள். எண் பொருளைத் தந்தது, 'ஆம்' வால் ஒலியைத் தந்தது. இங்கும் அதே வேலைதான். கடைசி ந உண்மையில் வெறும் மெய்யெழுத்து, நம் இரண்டாம் வேற்றுமை உருபு போன்றது. அந்த எழுத்துமுறையில் புள்ளி வைக்க வழியில்லை, அதனால் உயிர்மெய்யாகவே எழுதினார்கள்.

சரி, வால் கிடைத்துவிட்டது. தலை? அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னே போக வேண்டும். ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹட்டூசாவில் கிடைத்த களிமண் பலகைகளில், சடங்குகளின் நடுவே லூவிய மந்திரங்களும் வருகின்றன. அவை ஆப்பு வடிவ எழுத்தில் அசை அசையாக எழுதப்பட்டவை. அங்கே தாய் 'அன்னிஸ்'. ஸ் எழுவாய் விகுதி, அதை எடுத்தால் 'அன்னி'. லூவியத்துக்கு உறவான ஹிட்டைட் மொழியில் 'அன்ன', பக்கத்து லிசிய மொழியில் 'எனி'. ஆகவே கல்லில் உள்ள சொல்லை 'அனதி' என்று படிக்கிறார்கள்.

அன்னி என்றதும் நம் மனம் அன்னைக்குத் தாவும். எனக்கும் தாவியது. ஆனால் ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொன்னால், ஹிட்டைட் 'அன்ன' நம் அண்ணாவுக்கும் உறவாகிவிடும். இன்று அதே மண்ணில் பேசப்படும் துருக்கியிலும் தாய் 'அன்னே'தான். துருக்கியோ வேறு மொழிக்குடும்பம், அங்கே வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து.

லூவியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. லத்தீனின் 'மாட்டெர்', சமஸ்கிருதத்தின் 'மாதா' போன்ற சொல் அதில் இருக்க வேண்டும், காணோம். அந்த இடத்தில் குழந்தை வாயில் பிறந்த சொல் உட்கார்ந்திருக்கிறது. மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும், ஒலி மூக்கு வழியாகத்தான் வரும். அவர் எடுத்துக்கொண்ட தாய்ச்சொற்களில் 55 சதவீதத்தில் ம, ன போன்ற மெல்லின ஒலிகள் இருந்தன, தந்தைச்சொற்களில் 15 சதவீதத்தில்தான். விலக்கும் உண்டு: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தெதா' என்றால் அம்மா. எப்படியானாலும், இப்படிப் பிறக்கும் சொற்கள் உலகில் எங்கும் தனித்தனியே முளைக்கும். அவற்றை வைத்து மொழியுறவை நிறுவ முடியாது.

அப்புறம் எதை வைத்து நிறுவுவது? மகளைப் பாருங்கள். லூவியத்தில் மகள் 'துவத்ரி'. சமஸ்கிருத 'துஹிதா', ஆங்கில 'டாட்டர்' எல்லாம் இவளுடைய உறவினர்கள்தான். லிசிய மொழியில் அவளே 'க்பத்ரா' ஆகிறாள். காதுக்கு ஒட்டவே ஒட்டாது. ஆனால் லூவியத்தில் 'துவ' என்று தொடங்கும் இரண்டு என்ற சொல்லும் லிசியத்தில் 'க்பி' என்றுதான் வருகிறது. ஒரே ஒலி, ஒரே இடத்தில், ஒரே விதமாக மாறியிருக்கிறது.