"ஐம்பதடிதாண்ணே ஓடப்போகுது"

போன மாதம் ஒரு போர்ப் படத்துக்காக ஜீப் ஒன்று பட்டறைக்கு வந்தது. எஸ்டேட் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த வில்லீஸ் எம்.பி., இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஜீப். பச்சை பெயின்ட் அடித்து, பானெட்டில் நம்பர் எழுதி, பின்னால் கேன் கூட மாட்டியாகிவிட்டது. "ஸ்டார்ட் மட்டும் பண்ணிக் குடுங்கண்ணே, நாளை மறுநாள் ஷூட்டிங்" என்றார் கூட வந்த தம்பி. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தால் உள்ளே இன்ஜின் ஆயில். குறைந்திருக்கிறதே என்று யாரோ கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். ரப்பர் கப்புகள் எல்லாம் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தன. இரண்டு நாளில் ஆகாது என்றேன். "ஐம்பதடிதாண்ணே ஓடப்போகுது" என்றார்.

இந்த வருடம் இந்த வசனத்தைக் கேட்பது நான்காவது தடவை. மூன்றாவது தடவை கேட்ட வண்டியை நான் செய்து தர மறுத்துவிட்டேன். வேறு யாரோ ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். அது சரிவில் உருண்டு லைட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் காலை முறித்தது. அதுவும் ஐம்பதடிதான்.

சரி, அந்த ஐம்பதடியைப் பற்றியே பேசுவோம். வெறும் வண்டியே சுமார் 1,100 கிலோ. அதில் நான்கு பேர் துப்பாக்கியோடு உட்காருகிறார்கள். ஷாட்டில் ஜீப் மெதுவாக வராது, புழுதி கிளப்பிக்கொண்டுதான் வரும், வந்து சரியாக கேமராவுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஐம்பதடியில் ஓடுவது என்ன பெரிய வேலை, தள்ளிவிட்டால் கூட ஓடும். நிற்பதுதான் வேலை. அதுவும் ஒரு தடவை இல்லை. ரிகர்சல், டேக், இன்னொரு டேக், ஹீரோ தொப்பி பறந்ததால் இன்னொன்று என்று பதினைந்து தடவை நிற்க வேண்டும். ஊரில் யாரும் ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து தடவை அழுத்தமாக பிரேக் பிடித்து நிறுத்துவதில்லை. அதாவது ஐம்பதடி ஓடும் வண்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டியைவிட நல்ல பிரேக் வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு "பெயின்ட் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரேக் ஆயில் லைன்தான். இப்போதைய கார்களில் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இதில் ஏதாவது ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. கொட்டகையில் கிடந்த வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துக் குழி குழியாக இருக்கும். முதல் நாலு மிதிக்கு நன்றாகத்தான் பிடிக்கும். ஐந்தாவது மிதியில்தான் கதை தெரியும். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள், மெல்ல இறங்கினால் வண்டியை அசைக்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக் இருக்கிறதே என்பார்கள். வில்லீஸில் அது சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. சத்தம் வருகிறது என்று பின் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்த மகானுபாவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுப்பதும் குடையை விரிப்பதும் ஒன்றுதான். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும் இதே கதி, தரையில் இருக்கும் சக்கரம் உருளும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இரண்டு பக்கமும்.

அடுத்தது பெட்ரோல். இந்த ஜீப்பின் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட வேண்டும். கிட்டத்தட்ட 57 லிட்டர் பிடிக்கும். ஹீரோ சுருட்டு பிடித்துக்கொண்டு ஸ்டைலாகச் சாய்வது அதன் மேல்தான். பத்தடி தள்ளி ஸ்டண்ட் யூனிட் வெடி வைத்திருக்கும். மூடியின் வாஷரை மாற்றுங்கள், பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துவராது. பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ் ஒரே வாரத்தில் மெத்துமெத்தென்று ஆகிவிடும். டேங்க் ஓட்டையாக இருந்தால் "காலி டேங்க்தானே" என்று வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கில் பெட்ரோல் இல்லை, ஆவி இருக்கிறது, வெடிப்பது அதுதான். தயவுசெய்து புது டேங்க் கட்டிக்கொள்ளுங்கள், உங்கள் பட்ஜெட்டில் அது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு.

சக்கரம் கழற்றும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. போர்க்கால ஜீப்புகள் பலவற்றில் ரிம் இரண்டு துண்டு, நட்டு போட்டு இணைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் ஐந்து நட்டு சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை. விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் இருப்பவை இரண்டு துண்டையும் பிடிப்பவை. காற்று இருக்கும்போது விளிம்பு நட்டைக் கழற்றினால் ரிம் முகத்துக்கு வரும். முதலில் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். லாக் ரிங், அதாவது டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம், வைத்த பழைய ராணுவ லாரிச் சக்கரங்களும் அப்படித்தான், அவற்றை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். கூண்டு இல்லாத கடை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரெஸரால் ஊதாதீர்கள் என்று என் பட்டறைப் பையன்களையே தினமும் திட்டுகிறேன். பழைய பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்டைக் காய்ந்தபடியே தேய்க்கவும் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். ராணுவக் காம்பஸ், விமான மீட்டர் என்று ஆர்ட் டிபார்ட்மென்ட் வாங்கிவரும் சாமான்களில் இருட்டில் ஒளிரும் எழுத்து இருந்தால் கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள். அது கதிர்வீச்சு உள்ள ரேடியமாக இருக்கலாம். "இப்போ ஒளிரலையேண்ணே" என்றார் ஒருவர். ஒளிரும் மருந்துதான் செத்தது, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும்.

இயக்குநர்களுக்கு ஒன்று. முன் கண்ணாடியை மடித்துவிட்டு வேகமாகத் திருப்பச் சொல்கிறீர்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம்தான், அகலம் அதைவிடக் கம்மி. கதவு கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. பக்கவாட்டில் கேமராவும் ஆளும் தொங்கினால் கவிழ்ந்துவிடும். வேகத்தை கேமராவில் காட்டிக்கொள்ளுங்கள்.

சந்தடி சாக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். 1944 இம்பால் போர் என்று கதை வைத்துவிட்டு, பானெட் உயர்ந்த சிஜே3பி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். அது 1953இல்தான் வந்தது. பெரும்பாலான எம்.பி.க்கு முன்பக்கக் கிரில்லில் ஒன்பது கீறல், எண்ணிப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். ஹெட்லைட்டைத் திருப்பி இன்ஜின் மேல் வெளிச்சம் அடிக்கலாம், ராத்திரி ரிப்பேர் காட்சிக்கு அருமையாக இருக்கும், ஒருத்தரும் இதுவரை எடுக்கவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

அந்தத் தம்பியின் ஜீப் இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது. ஷூட்டிங் மூன்று வாரம் தள்ளிப்போனது. என்னால் இல்லை, ஹீரோவுக்குத் தேதி ஒத்துவரவில்லையாம்.