30 பிள்ளைக்கும் 100 பிள்ளைக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டிதான்

போன வாரம் ஒரு தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். "முப்பது பிள்ளைங்களுக்கு வருஷ மானியம் பத்தாயிரம் போதாதா சார்?" என்று ஓர் அப்பா எழுந்து கேட்டார். தலைமையாசிரியை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக ஊர் ஊராகப் போகிறேன். இந்த வருஷம் இதே கேள்வி ஆறாவது முறை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. அந்தப் பள்ளியில் முன்பு 31 பேர். ஒரு பிள்ளை போனதும் 15,000 போய்விட்டது.

"தலைக்கு 333 ரூபாய் வருதே, 100 பேர் படிக்கிற பள்ளிக்கு 250தானே" என்று கணக்குப் போடுகிறார்கள். ஐயா, பள்ளிக்கூடச் செலவு தலைக்கணக்கில் வருவதில்லை. தொட்டி கழுவுகிறவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டா கூலி வாங்குகிறார்? மோட்டார் காயில் எரிந்தால் 30 பேருக்கு எரிந்தது, 100 பேருக்கு எரிந்தது என்று இரண்டு விலையா? பதிவேடு, பினாயில், துடைப்பம் எல்லாம் அப்படித்தான். மானியத்தில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கே போக வேண்டும். அங்கே செலவுப் பதிவேட்டைப் புரட்டினேன். மோட்டார் பழுது ஒன்றே பாதிப் பணத்தைத் தின்றிருந்தது. சாக்பீஸ் டீச்சர் கைக்காசு.

ஆசிரியர் கணக்கு இன்னும் கொடுமை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 என்றால் மூன்று. ஆகஸ்ட் 1 நிலவரம்தான் கணக்கு. ஜூலையில் இரண்டு பேர் டிசி வாங்கிப் போனால் மூன்றாவது ஆசிரியர் உபரி, பணிநிரவலில், அதாவது ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்கு மாற்றலாகி, கிளம்பிவிடுவார். அப்புறம் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒரே ஆள்.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்ப்பதென்றால் ஜூனிலேயே சேர்த்துவிடுங்கள். எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில், பெயர் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். தலைமையாசிரியர்களே, வராத பிள்ளையைப் பட்டியலில் வைக்காதீர்கள், மாட்டுவது நீங்கள்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடத்தில் பழுது என்றால் ஒன்றியம் பார்க்கட்டும். மானியத்தை அதில் கரைக்காமல், ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள்.

அந்த அப்பாவின் சின்ன மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.